முள் இறங்கும் பானை, முள் ஏறும் தாச்சி

காரின் முன்கண்ணாடியைத் துடைக்கிற வைப்பர் மோட்டாரைக் கழற்றி, பானையின் வாய்க்குக் குறுக்கே ஒரு இரும்புச் சட்டத்தில் பொருத்தி, அதன் தண்டில் ஒரு துடுப்பைப் பூட்டினால் நல்லதொரு கிண்டும் பொறி கிடைக்கும். அப்படி ஒரு பொறி இப்போது இரண்டு இடங்களில் ஓடுகிறது. ஒன்று மெல்போர்ன் பக்கம் டண்டினோங்கில், என் மனைவியின் சகோதரன் வீட்டுக் கார் கொட்டகையில். மச்சான் அதில் பியர் காய்ச்சுகிறான். மற்றது மட்டக்களப்பில், கல்லடியில், எங்கள் வீட்டுக் குசினியின் பின்தாழ்வாரத்தில். நாங்கள் அதில், அடி வளைந்த தாச்சிச் சட்டி வைத்துத் தொதல் கிண்டுகிறோம். அரிசி மா, தேங்காய்ப்பால், சர்க்கரை சேர்த்து இறுகும்வரை கிண்டுகிற இனிப்பு அது.

இரண்டுக்கும் ஒரே வரைபடம். வாட்ஸ்அப்பில் படம் அனுப்பி, இரவில் வீடியோ அழைப்பில் பேசிப் பேசி, அங்கே அவன் ஒன்றும் இங்கே நான் ஒன்றுமாகச் செய்தோம். நான் மோட்டார் வைண்டிங் வேலை செய்கிறவன். தண்ணிப் பம்பும் கிரைண்டரும் மின்விசிறியும்தான் என் அன்றாடம். மச்சானுக்கு அலுவலக வேலை. ஆனால் கையில் ஸ்பேனர் பிடிக்க ஆசைப்படுகிறவன்.

இந்தப் பதிவை எழுதத் தூண்டியது, மோட்டார் இழுக்கிற கரண்ட்டைக் காட்டுவதற்காகப் பொறியில் கடைசியாக நாங்கள் பூட்டிய ஒரு சின்ன அம்பியர் மீட்டர். மெல்போர்னில் நேரம் போகப் போக அதன் முள் இறங்குகிறது. கல்லடியில் ஏறுகிறது. மோட்டார் ஒன்றுதான், மீட்டர் ஒன்றுதான், இரண்டு பானைக்குள்ளும் இருப்பது தானியமும் நீரும்தான். பிறகு ஏன் இப்படி என்று தேடிப் போனதில் கிடைத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

தொடங்கும் முன் ஒரு விஷயம். இலங்கையில் அனுமதிப்பத்திரம் இல்லாமல் வீட்டில் பியர் காய்ச்சுவது குற்றம். 1912ஆம் ஆண்டின் 8ஆம் இலக்க மதுவரிக் கட்டளைச் சட்டம் திருத்தங்களோடு இன்றும் நடைமுறையில் இருக்கிறது. அவுஸ்திரேலியாவில் சொந்தப் பாவனைக்குப் பியர் காய்ச்சலாம். ஆனால் சாராயம் வடிக்கக் கூடாது. அமெரிக்காவில்கூட வீட்டுப் பியருக்கு மத்திய அரசின் அனுமதி 1978இல்தான் வந்தது. ஆகவே இங்கே இருக்கிறவர்கள் பொறியை எடுத்துக்கொள்ளுங்கள், பானைக்குள் தொதலைப் போடுங்கள். பியர்ப் பகுதியை அதன் இடத்தில் வைத்தே சொல்கிறேன். அதைத் தெரிந்துகொள்ளாமல் தொதலின் பாதி விளங்காது என்பது என் அனுபவம்.

பார்லிக்கு ஏன் இவ்வளவு கிண்டும் வேலை

எங்கள் பக்கத்தில் புளித்த குடிவகை என்றால் முதலில் நினைவுக்கு வருவது தென்னங்கள். அதில் கிண்டும் வேலையே கிடையாது. பாளையைச் சீவும்போது வடிகிற சாற்றிலேயே சீனி இருக்கிறது. முட்டியிலும் காற்றிலும் இருக்கிற ஈஸ்ட் அதைத் தானாகவே பிடித்துக்கொள்ளும். இறக்கிச் சில மணி நேரத்தில் நுரைக்கத் தொடங்கிவிடும். சீவுகிறவரின் திறமை எல்லாம் மரத்தின் உச்சியிலேயே முடிந்துவிடுகிறது.

பார்லியின் கதை வேறு. தானியத்துக்குள் இருப்பது மாப்பொருள். ஈஸ்டுக்கு அதைத் தின்னத் தெரியாது. அதற்குச் சீனிதான் வேண்டும். மாப்பொருளைச் சீனியாக வெட்டித் தருகிற நொதியத்தின் பெயர் அமிலேஸ். எங்கள் உமிழ்நீரிலும் அது இருக்கிறது. சோற்றை விழுங்காமல் நெடுநேரம் மென்றால் இனிப்பது அதனால்தான். பார்லியை ஊறவைத்து முளைக்கவிட்டால் அந்த நொதியம் தானியத்துக்குள்ளேயே பெருகும். முளைவிட்டதும் உலர்த்தி வைப்பார்கள். இதுதான் மோல்ட். அதைக் கொரகொரப்பாக உடைத்து வெந்நீரில் கலந்து, 65 பாகை செல்சியஸ் அளவில் ஒரு மணி நேரம் வைத்தால், பானைக்குள் இருக்கிற மாப்பொருள் தன் நொதியத்தாலேயே சீனியாகிவிடும். 20 லீற்றர் பியருக்கு மச்சான் ஏறக்குறைய 5 கிலோ மோல்ட்டும் 15 லீற்றர் நீரும் எடுக்கிறான். பிறகு வடித்து, கழுவி, கொதிக்கவைத்து, கசப்புக்கு ஹொப் பூ போட்டு, ஆறவைத்து ஈஸ்ட் சேர்க்கிறான். கிண்டும் வேலை முழுவதும் அந்த முதல் ஒரு மணி நேரத்தில்தான்.

அந்த ஒரு மணி நேரத்தில் வெப்பநிலைதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. அமிலேஸில் இரண்டு வகை வேலை செய்கின்றன. பீட்டா அமிலேஸ் 60 முதல் 65 பாகை வரை உற்சாகமாக வெட்டும். ஈஸ்ட் முழுவதுமாகத் தின்னக்கூடிய சீனியைத் தரும். அல்பா அமிலேஸுக்கு 70 பாகை வரைகூடத் தாங்கும். அது இடையிடையே வெட்டுவதால் ஈஸ்ட் தின்ன முடியாத நீளத் துண்டுகளும் மிஞ்சும். தாழ்ந்த சூட்டில் வைத்தால் பியர் மெலிந்து உலர்ந்த சுவையாக இருக்கும், கூடிய சூட்டில் வைத்தால் வாயில் கனமாக நிற்கும். நாலைந்து பாகை வித்தியாசத்துக்குள் இத்தனையும் நடக்கிறது.

இப்போது அடியில் மின்சூடாக்கி உள்ள ஒரு பானையை நினைத்துப் பாருங்கள். உள்ளே இருப்பது தண்ணீர் அல்ல, உமியும் மாவும் கலந்த கெட்டிக் கூழ். தண்ணீர் என்றால் சூடானது மேலே வந்து தானாகவே சுழலும். கூழில் அந்தச் சுழற்சி நடக்காது. அடி கொதிக்க, மேல் ஆறிக்கிடக்கும். அடியில் நொதியம் செத்துப்போகும், மேலே அரைகுறையாக வேலை செய்யும். அதோடு மாவைக் கொட்டும்போது கட்டி பட்டுவிடும். கட்டியின் வெளிப்பக்கம் நனைந்து பசையாகி, உள்ளே உலர்ந்த மா அப்படியே இருக்கும். எல்லாவற்றையும்விட மோசமானது அடிபிடிப்பது. ஒருமுறை கருகினால் அந்தக் கருகல் மணம் பானை முழுதும் ஏறும். பிறகு எதைச் செய்தாலும் போகாது. தொதல் கிண்டியவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

மோட்டார்

வைப்பர் மோட்டாரை நான் மனமார மதிக்கிறேன். மழையிலும் வெயிலிலும் புழுதியிலும் வருடக்கணக்கில் ஓடி, காரே கைவிடப்பட்ட பிறகும் பெரும்பாலும் நல்ல நிலையில் இருக்கும். உள்ளே நிலைக்காந்த டிசி மோட்டார். அதன் தண்டின் நுனியிலேயே திருகாணி மறைபோன்ற புழுப்பல் வெட்டியிருப்பார்கள். அந்தப் புழுப்பல் ஒரு பெரிய பற்சக்கரத்தைச் சுற்றும். மோட்டார் நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கில் சுற்ற, வெளித்தண்டு மெதுவேகத்தில் 45 சுற்று அளவிலும் கூடிய வேகத்தில் 65 அளவிலும் கிறுகும். வேகத்தைக் கொடுத்து முறுக்குவலிமையை வாங்கிக்கொள்கிற ஏற்பாடு.

கிண்டுவதற்குத் தேவையானதும் அதுதான். துளையிடும் டிரில் மெஷினைப் பானையில் விட்டுப் பார்த்தவர்கள் உண்டு. அது வேகமாகச் சுற்றும். மாவையும் உமியையும் அடித்து நொறுக்கும். உமி நொறுங்கினால் வடிக்கும்போது அடைத்துக்கொள்ளும், ஏனென்றால் பியர்ப் பானையில் வடிகட்டியே அந்த உமிதான். மறுபுறம், கூழ் கெட்டியாகும் நேரத்தில் டிரில் சூடாகித் திணறும். ஒரு சின்னக் கணக்கு: 5 நியூட்டன் மீற்றர் முறுக்குவலிமையோடு நிமிடத்துக்கு 40 சுற்றுச் சுற்ற வேண்டுமானால் தேவைப்படும் வலு 21 வாட்தான். புழுப்பல்லில் உராய்வுக்குப் போவதையும் சேர்த்தால் 12 வோல்ட்டில் 4 அம்பியர் அளவில் முடிந்துவிடும். ஒரு பழைய மோட்டார்சைக்கிள் ஹெட்லைட்டுக்கு எரிகிற கரண்ட்.

வாங்கும்போது வயர் நிறத்தை நம்ப வேண்டாம். கம்பனிக்குக் கம்பனி மாறும். பழைய சாமான் கடையிலேயே ஒரு 12 வோல்ட் பற்றறியை வைத்துப் பாருங்கள். உள்ளே சுற்றும் பாகத்துக்குக் கரண்ட்டைக் கொடுக்கிற மூன்று கரித்துண்டு இருக்கும்: பொது ஒன்று, மெதுவேகத்துக்கு ஒன்று, கூடிய வேகத்துக்கு ஒன்று. மிச்ச வயர், வைப்பரை நிறுத்தும்போது கண்ணாடியின் அடிக்குக் கொண்டுபோய்ப் படுக்க வைக்கிற பார்க் சுவிட்சுக்கு உரியது, எங்களுக்குத் தேவையில்லை. இன்னொன்று: பல மோட்டார்களில் உடம்பே நெகட்டிவ். திசையை மாற்றுவதற்காக வயரை மாற்றிப் போட்டால் உடம்பு முழுதும் பொசிட்டிவ் ஆகிவிடும், அதைப் பூட்டிய சட்டமும் பானையும் சேர்ந்தே. அந்த நிலையில் பற்றறியின் நெகட்டிவ் எங்காவது பானையில் முட்டினால் நேரடி ஷோர்ட். திசை மாற்ற வேண்டுமானால் உடம்புக்கும் சட்டத்துக்கும் இடையில் ரப்பர் வையுங்கள், இல்லையானால் மாற்றாமலே விடுங்கள்.

மின்சாரத்துக்கு மச்சான் பழைய கணினியின் பவர் சப்ளையைப் பாவிக்கிறான். பச்சை வயரையும் கறுப்பு வயரையும் இணைத்தால் அது விழித்துக்கொள்ளும். மஞ்சளில் 12 வோல்ட், சிவப்பில் 5 வோல்ட். சிவப்பில் கொடுத்தால் மோட்டார் நிமிடத்துக்கு இருபது சுற்றுக்கும் குறைவாக நிதானமாகக் கிறுகும். மோல்ட்டுக்கு அந்த வேகம் நன்றாகப் பொருந்துகிறது. நான் பற்றறியிலேயே ஓட்டுகிறேன். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணி நேரம்வரை கரண்ட் போனது எல்லோருக்கும் நினைவிருக்கும். அந்த வருடம் புத்தாண்டுக்குச் சமையல் காஸும் இல்லை. ஊரே விறகடுப்புக்குத் திரும்பியது. அடுப்பு எதுவானாலும் கரண்ட் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஓடுகிற பொறியாக இருக்க வேண்டும் என்று அப்போதிருந்தே எனக்குள் இருந்தது. அதோடு ஈரத் தரையில், கொதிக்கிற பானைக்கு மேலே 230 வோல்ட் வயர் தொங்குவதை நான் என் வீட்டில் அனுமதிக்க மாட்டேன்.

வேகத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு பிடபிள்யூஎம் கொன்ட்ரோலர் போட்டிருக்கிறேன். மின்தடையைத் தொடராகப் போட்டு வேகத்தைக் குறைத்தால், சுமை ஏறும்போது மோட்டார் படுத்துவிடும். கொன்ட்ரோலர் முழு வோல்ட்டையே விட்டுவிட்டுக் கொடுப்பதால் மெதுவாகச் சுற்றும்போதும் வலிமை குறையாது.

மாமி சொன்னது

வீடியோ அழைப்பில் மச்சானின் பொறி முதன்முதலாக ஓடியபோது, என் பக்கத்தில் இருந்து பார்த்தவர் மாமி, அவனுடைய அம்மா. ஆரையம்பதியில் பிறந்து வளர்ந்தவர், வருடப்பிறப்புக்கும் தீபாவளிக்கும் தாச்சி வைத்துத் தொதல் கிண்டிக் கை பழகியவர். பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுச் சொன்னார்:

"மனே, அது நடுவால கிறுகுது. அடியத் தொடுதில்ல. தொதலுக்கெண்டா அடிதான் சாமான்."

மச்சானின் பானை தட்டையான அடி. அவன் துடுப்பின் அலகைச் சாய்த்து வெட்டியிருந்தான். அது கூழை அடியில் இருந்து மேலே தூக்கிப் போடும். பெரிய பியர் ஆலைகளிலும் மாவைக் கலக்குகிற பாத்திரத்தில் சாய்ந்த அலகுதான் இருக்கும். நீர்த்தன்மை உள்ளதற்கு அது சரி. ஆனால் கெட்டிப் பண்டத்துக்கு அலகு சுவரையும் அடியையும் வழித்துக்கொண்டே போக வேண்டும். தொழிற்சாலைகளில் அதற்கு நங்கூர வடிவத் துடுப்புப் போடுவார்கள். மாமி தட்டகப்பையால் செய்வதும் அதைத்தான். அவர் கிண்டுவதைக் கவனித்தால் வட்டம் போட மாட்டார். விளிம்பில் இருந்து அடிக்கு இறக்கி, அடியை உரசிக்கொண்டு எதிர்விளிம்புக்கு ஏற்றி, அங்கே ஒரு திருப்புத் திருப்பி மீண்டும் இறக்குவார். ஒவ்வொரு முறையும் இடம் மாறும். தாச்சியின் ஒரு விரலளவு இடம்கூட நெடுநேரம் தொடாமல் இருக்காது.

ஆகவே கல்லடிப் பொறிக்கு வேறு துடுப்பு. தாச்சியின் வளைவை ஒரு மட்டையில் வரைந்து வெட்டி, அதே வளைவில் எவர்சில்வர் பட்டையை வளைத்து, விளிம்பில் முதிரை மரப் பலகையின் கீற்று ஒன்றைப் பூட்டினேன். பலகை தாச்சியைக் கீறாது, தேய்ந்தால் மாற்றலாம். தண்டை நட்டநடுவில் வைக்காமல் சற்று ஒதுக்கி வைப்பதைப் பற்றியும் மச்சானோடு நிறையப் பேசினேன். நடுவில் வைத்தால் மொத்தக் கூழும் துடுப்போடு சேர்ந்து ஒரு திரளாகச் சுற்றும், உள்ளுக்குள் கலக்காது. அவன் பானைக்குள் வெப்பமானிக் கம்பியை நிலையாக நிறுத்தினான். கூழ் அதில் மோதி உடைந்து கலக்கிறது. தாச்சியில் அடியை வழித்தாக வேண்டும் என்பதால் நடுவிலேயே விட்டு, ஒரு பக்க அலகை மேல்நோக்கிச் சாய்த்தேன். திரளை அது திருப்பிப் போடுகிறது.

தண்டுக்கு நாகம் (சிங்க்) பூசிய கம்பியை வாங்காதீர்கள். மோல்ட் கூழ் இலேசான புளிப்பு உடையது. நாகம் அதில் கரையும். 304 ரக ஸ்டெயின்லெஸ் கம்பிதான் வேண்டும். மோட்டாரின் தண்டு நுனியில் மறை வெட்டியிருக்கும். நீள நட் ஒன்றால் கம்பியை இணைத்து, குறுக்கே துளைத்து ஒரு பின் அடித்துவிடுங்கள். பின் இல்லாமல் விட்டால், சுற்றும் திசையைப் பொறுத்து நட் தானே கழன்று துடுப்புப் பானைக்குள் விழும். மோட்டாரைப் பானை வாயில் இருந்து ஒரு சாண் உயரத்திலாவது வைக்க வேண்டும். ஆவி ஏறி உள்ளே போனால் கரித்துண்டும் தகடும் கெடும். புழுப்பல்லுக்கு இட்ட கிரீஸ் சூட்டில் இளகித் தண்டு வழியே இறங்கவும் கூடும். தண்டில் ஒரு வட்டத் தகட்டைக் கவிழ்த்துப் பூட்டினால் அது அங்கேயே நின்றுவிடும். சாப்பாட்டுக்கு மேலே ஓடுகிற பொறி என்பதை ஒரு கணமும் மறக்கக் கூடாது.

சட்டத்தைப் பானையின் இரண்டு காதுகளிலும் இறுகப் பிடிக்க வைப்பதும் முக்கியம். துடுப்பை மோட்டார் ஒரு பக்கம் தள்ளும்போது அதே வலிமையோடு பானையை எதிர்ப்பக்கம் தள்ளும். கொதிக்கிற தொதல் தாச்சி அடுப்பில் அசைவதை யாரும் பார்க்க வேண்டி வரக் கூடாது. நான் அடுப்போடு சேர்த்தே இரும்புக் கால் வெல்ட் பண்ணியிருக்கிறேன்.

முள்

மாமியின் இன்னொரு சொல்தான் அம்பியர் மீட்டரைக் கொண்டுவந்தது. பொறி வந்துவிட்டால் நெருப்பை எப்போது குறைப்பது என்று எப்படித் தெரியும் என்று கேட்டேன். இவ்வளவு காலமும் எப்படித் தெரிந்தது என்றும் கேட்டேன்.

"கை கனக்கத் தொடங்கும். மறுகா நெருப்பக் குறைச்சிரணும்" என்றார்.

கை கனப்பதை மோட்டாரிடம் கேட்டு அறிய முடியுமா? முடியும். நிலைக்காந்த டிசி மோட்டாரில் இழுக்கிற கரண்ட் முறுக்குவலிமைக்கு நேர்விகிதம். கூழ் கெட்டியாகக் கெட்டியாகக் கரண்ட் ஏறும். வேகத்தைக் கூட்டினாலும் குறைத்தாலும் இந்த விகிதம் பெரிதாக மாறாது. கார்களில் முன்பு இருந்ததுபோன்ற முள் மீட்டர் ஒன்றை வாங்கிப் போட்டேன். அதைப் பற்றறிக்கும் கொன்ட்ரோலருக்கும் இடையில் போடாமல் கொன்ட்ரோலருக்கும் மோட்டாருக்கும் இடையில் போட வேண்டும். முன்பக்கம் போட்டால் வேகத்தைத் திருகும்போதெல்லாம் முள்ளும் மாறி ஏமாற்றும்.

டண்டினோங்கிலும் மச்சான் ஒன்று பூட்டினான். மோல்ட்டைக் கொட்டியதும் முள் உயர்ந்து நிற்கிறது. சற்று நேரத்தில் இறங்கத் தொடங்குகிறது. ஒரு மணி நேரம் முடியும்போது தெளிவாகவே தாழ்ந்துவிடுகிறது. பியரை மெலிதாக்க அரிசியை வேகவைத்து மோல்ட்டோடு கலந்த ஒரு நாளில் இந்த வித்தியாசம் இன்னும் பெரிதாகத் தெரிந்தது. கஞ்சி போல இறுகியிருந்த அரிசி, மோல்ட் சேர்ந்த சில நிமிடங்களுக்குள் தண்ணீர் போல இளகியது. முள் விழுந்ததை அவன் எனக்கு நேரடியாகக் காட்டினான்.

இங்கே சிவப்புப் பச்சையரிசி மாவைத் தேங்காய்ப்பாலிலும் சர்க்கரையிலும் கரைத்து வடித்துத் தாச்சியில் ஊற்றும்போது முள் கிடக்கிறது, தண்ணீரைக் கிண்டுவதுபோல. பால் கொதித்து, மா வேகத் தொடங்கும்போது முள் முதல் தடவையாக எழும்புகிறது. மாப்பொருள் மணிகள் சூட்டில் தண்ணீரைக் குடித்து வீங்கி வெடித்து ஒன்றோடொன்று பின்னிக்கொள்கிற நேரம் அது. பார்லிக்கு இது 60 பாகையைத் தாண்டியவுடன் நடக்கும், அரிசிக்கு இன்னும் சூடு வேண்டும். அங்கே மச்சானின் பானையிலும் இதே வீக்கம்தான் தொடக்கத்தில் முள்ளை உயர்த்துகிறது. அதுவரை இரண்டு பானையும் ஒரே பானை.

பிரிவது அதற்குப் பிறகு. அங்கே அமிலேஸ் வந்து பின்னலை வெட்டித் தள்ளுகிறது. நீளச் சங்கிலிகள் துண்டு துண்டாகிச் சீனியாகின்றன, கூழ் இளகுகிறது, முள் இறங்குகிறது. இங்கே முளைக்காத அரிசியின் மாவில் பெயர் சொல்ல அமிலேஸ் இல்லை. கொஞ்சநஞ்சம் இருந்தாலும் கொதியில் அழிந்துவிடும். வெட்ட ஆள் இல்லாததால் பின்னல் அப்படியே நிற்கிறது, தண்ணீர் ஆவியாகிப் போகப் போக இன்னும் இறுகுகிறது, முள் ஏறிக்கொண்டே போகிறது. அங்கே இனிப்புத் தானியத்துக்குள் இருந்து பிறக்கிறது. இங்கே சர்க்கரையை நாங்கள் போடுகிறோம்.

முள் ஓரிடத்துக்கு வந்ததும் நெருப்பைக் குறைக்கிறேன். அந்த இடத்தை மீட்டரின் கண்ணாடியில் சிவப்பு மையால் கோடிட்டது மாமி. மோட்டாரை நிறுத்தச் சொல்லி, தட்டகப்பையைப் போட்டு இரண்டு இழுப்பு இழுத்துப் பார்த்து, "இதான், இந்த இடம்தான்" என்றார். அவரின் கையில் இருந்த அளவு மீட்டருக்கு வந்த அந்த நேரம், என் வேலையில் எனக்குக் கிடைத்த மிகப் பெரிய சந்தோஷங்களில் ஒன்று. தொதல் பதத்தை எழுதிவைத்தவர்கள் குறைவு. மகளுக்கும் மருமகளுக்கும் பக்கத்தில் நின்று பார்த்தே கைமாறி வந்த விஷயம். என் மகள் இப்போது முள்ளைப் பார்த்து நெருப்பைக் குறைக்கிறாள், அப்புறம் தட்டகப்பையை வாங்கித் தானும் இழுத்துப் பார்க்கிறாள். மீட்டரும் கையும் ஒன்றையொன்று சரிபார்க்கின்றன.

இன்னொரு சின்னக் கிண்டி

மச்சானிடம் காந்தத்தால் ஓடுகிற இன்னொன்றும் இருக்கிறது. பியருக்குப் போடுவதற்கு முன் ஈஸ்டைச் சிறிய போத்தலில் பெருக்குவதற்கு. கணினியின் பழைய மின்விசிறி, அதன் நடுவில் பழைய ஹார்ட் டிஸ்க்கில் இருந்து எடுத்த காந்தம், மேலே ஒரு தட்டு, அதன்மேல் கண்ணாடிக் குடுவை, உள்ளே வெள்ளை உறை போட்ட குட்டிக் காந்தத் துண்டு. விசிறி சுற்ற, உள்ளே துண்டும் சுற்றும். ஈஸ்ட் அடியில் படியாமல் மிதக்கும், கரியமிலவாயு வெளியேறும், ஒட்சிசன் உள்ளே போகும், ஈஸ்ட் வேகமாகப் பெருகும். பல்கலைக்கழக இரசாயன ஆய்வுகூடங்களில் இருப்பது இதன் பெரிய அண்ணன். நீர்த்ததற்கு மட்டுமே உதவும். கூழில் போட்டால் காந்தம் பிடிவிட்டுவிடும்.

பாதுகாப்பும், மிச்சமிருக்கிற வேலையும்

வைப்பர் மோட்டார் மெதுவாகச் சுற்றுவதைப் பார்த்து விளையாட்டுச் சாமான் என்று நினைக்க வேண்டாம். புழுப்பல்லைப் பின்னோக்கித் திருப்ப முடியாது. விரல் மாட்டினால் கையால் தள்ளி எடுக்க இயலாது. திணறி நிற்கும்போது இருபது அம்பியருக்கு மேலும் இழுக்கும். பற்றறிக்குப் பக்கத்திலேயே 10 அம்பியர் பியூஸ் போடுங்கள். கை எட்டும் இடத்தில் பெரிய சுவிட்ச் வேண்டும். பிள்ளைகள் இருக்கும் வீட்டில் சேலைத் தலைப்பும் தாவணியும் தண்டில் சுற்றாதபடி தண்டைச் சுற்றி ஒரு பிளாஸ்டிக் குழாயை நிறுத்தி வையுங்கள்.

தொதலின் கடைசிக் கட்டம் இன்னும் எங்கள் பொறியின் கைக்கு வரவில்லை. தேங்காயெண்ணெய் பிரிந்து வரத் தொடங்கியதும் திரள் தாச்சியை விட்டு ஒட்டாமல் கழன்று துடுப்போடு சேர்ந்து வழுக்கும். ஏறிக்கொண்டே வந்த முள் அப்போது துள்ளும்: ஒரு சுற்றில் ஏறி, அடுத்த சுற்றில் விழும். பதம் நெருங்கிவிட்டது என்பதற்கு அது நல்ல அடையாளம். ஆனால் அந்த நேரத்தில் துடுப்பு எதையும் கலக்குவதில்லை. கஜுவும் (முந்திரிப் பருப்பு) ஏலக்காயும் போட வேண்டியதும் அப்போதுதான், கஜு துடுப்புக்கும் தாச்சிக்கும் இடையில் சிக்கி நசிகிறது. ஆகவே சட்டத்தைத் தூக்கிவிட்டுக் கடைசிக் கட்டத்தை மாமியும் மகளும் கையால் கிண்டுகிறார்கள்.

துடுப்பின் பலகையைத் தண்டோடு இறுக்கிப் பூட்டாமல் கீல் வைத்து, ஸ்பிரிங்கால் அடியோடு அழுத்திப் பிடித்தால் கஜு வரும்போது பலகை ஏறிக் கடந்துபோகும் என்று மச்சான் வரைந்து அனுப்பியிருக்கிறான். அவனுக்கு மோல்ட்டில் அது தேவையே இல்லை. அம்மாவின் தாச்சிக்காக வரைந்தது. முதிரைப் பலகை வாங்கி வைத்திருக்கிறேன். தகட்டுக் கீல் சூட்டில் பிடித்துக்கொள்ளும் என்பதால் லேத் பட்டறையில் ஸ்டெயின்லெஸ் ஊசி ஒன்று கடையக் கொடுத்திருக்கிறேன். சித்திரைக்கு முன் பூட்டிப் பார்க்க வேண்டும்.